கண்ணாடிக் குவளையில் கரையாத இனிப்பு

அந்தச் சத்தம் மூன்றாம் நாள் காலையில்தான் தெளிவாகக் கேட்டது.

பால் குடித்து முடித்த யதுர்ஷாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த தேவிகாவின் கை அப்படியே நின்றுவிட்டது. குழந்தை மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள் எங்கோ ஒரு சின்ன விசில். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் இடைஞ்சலாக இருந்ததால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சின்ன முதுகில் காதை வைத்தாள். பிரமை இல்லை. வலது பக்கத்தில்தான் கேட்டது.

கல்யாணமாகிப் பதினொரு வருடங்களுக்குப் பிறகு கிடைத்த பிள்ளை. எட்டு மாதம். மூன்று நாட்களுக்கு முன்னர் தொண்டையில் இனிப்புச் சிக்கி நீலம் பாரித்து, மறுபடி பிழைத்த பிள்ளை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில், "என்ன சாப்பிட்டாள்?" என்று கேட்டார்கள். தேவிகா பொய் சொல்லியிருந்தாள். உண்மையைச் சொன்னால் அரசாங்கம் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து சொன்ன பொய். இப்போது அந்தப் பொய்தான் மகளின் நெஞ்சுக்குள் உட்கார்ந்து விசிலடிக்கிறதோ?

தேவிகா பயந்த சுபாவக்காரி. ஒஸ்லோவின் ஓரத்தில் அவள் வசிக்கும் புருசெத்தில் அவளைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். சீருடை போட்டவர் யார் எதிரே வந்தாலும், அவர் ரயில் சீட்டுப் பார்க்க வருகிறவராகவே இருந்தாலும், அவளுடைய கை தானாகக் கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தேடும். போர்க்காலக் கொழும்பில் இருந்த இரண்டு வருடங்களில் பிடித்த பழக்கம் அது. தொண்ணூற்றாறில் மணப்பெண்ணாக ஒஸ்லோவில் வந்திறங்கியபின் புதிய பயங்களும் சேர்ந்துகொண்டன. எல்லாவற்றிலும் பெரியது, முகவரி தெரிவதற்கு ஜன்னல் வைத்த கடித உறைகள். அரசாங்கக் கடிதங்கள் அப்படித்தான் வரும். அவற்றை அவள் பிரிப்பதே இல்லை. பஸ் ஓட்டிவிட்டுக் கணவர் இந்திரகுமார் வீட்டுக்கு வரும்வரை அவை சாமிப்படத்துக்கு முன்னால் கிடக்கும்.

அவளுக்குப் பயமே வராத இடம் இந்த நகரத்தில் ஒன்றுதான் இருந்தது. அது ஒரு யப்பானிய இனிப்புக் கடை.

2004ஆம் ஆண்டு குளிர்காலத்தில், துப்புரவு வேலைக்கு ஆள் அனுப்பும் கொம்பனி அவளை அங்கே அனுப்பியது. நகரத்தின் மேற்குப் பக்கத்தில், டிராம் திரும்புகிற மூலையில், இரண்டு ஜன்னல் அகலக் கடை. ஹிசாயோ என்ற பெண்மணி நடத்திவந்தார். அறுபது வயது, நோர்வேக்காரக் கணவரை இழந்தவர், ஆள் நெஞ்சளவு உயரம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் பச்சைத் தேயிலை கேக், மீன் வடிவத்தில் வார்த்த பணியாரம், பூவிதழ் போலச் செய்த இனிப்புகள். தேவிகா முதல் ஒரு மாதம் அவற்றைத் துடைப்பத்தோடு சுற்றிப் போனாளே தவிர நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஹிசாயோ ஒரு சின்னத் தட்டில் வெள்ளை உருண்டை ஒன்றை வைத்து நீட்டினார். மாவு பூசியிருந்தது. விரல் பட்டதும் குழந்தையின் கன்னம் போல அமுங்கியது. உள்ளே கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"இறைச்சியா?" என்று தேவிகா நோர்வேஜிய மொழியில் கேட்டாள். இருவருக்கும் பொதுவான மொழி அதுதான். இருவருக்குமே அது அரைகுறை.

"இல்லை."

"முட்டை?"

"இல்லை. இது மோச்சி. அரிசி. பயறு. சீனி. சாப்பிடு, தேவிகா-சான். நான் விஷம் வைக்க மாட்டேன், தரையைத் துடைக்க வேறு ஆள் இல்லை."

கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். அவித்து மசித்துச் சீனி போட்ட பயறு. தோல் மட்டும் வேறு. பல்லில் ஒட்டி இழுபட்டு, விட மனமில்லாமல் விட்டது. "எங்களிடமும் இது இருக்கிறது," என்றாள். அந்தக் கடையில் அவளாக வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அது. ஹிசாயோ நம்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தேவிகா மோதகம் அவித்துக்கொண்டு போனாள். ஹிசாயோ ஒன்றைத் தின்று, யோசித்து, "இதுவும் மோச்சிதான். ஆனால் குளிருக்குக் கோட் போட்டிருக்கிறது," என்றார்.

அன்று முதல் துடைப்பம் மூலைக்குப் போனது. தேவிகா மோச்சி பிடிக்கப் பழகினாள். பசையரிசி மாவைக் கிண்டி, சூடு ஆறுமுன் கிள்ளி, பயறு வைத்து மூடுவதில் அவளுடைய விரல்கள் ஆறே மாதத்தில் தேர்ந்துவிட்டன. ஹிசாயோ சொல்லிக் கொடுத்தவற்றில் ஒன்று மட்டும் இனிப்புச் செய்வதைப் பற்றியது அல்ல. "சின்ன ஆட்களுக்கும் வயதான ஆட்களுக்கும் வெட்டிக் கொடு. என் பெரியப்பா புத்தாண்டுக் காலையில் இது தொண்டையில் சிக்கித்தான் போனார்."

தேவிகா தலையாட்டினாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதுதான் இப்போது அவளைக் கொன்றுகொண்டிருந்தது.

யதுர்ஷாவுக்கு முதல் பல் முளைத்தது 2007 ஒக்ரோபரில். முதல் பல் தெரிந்தால் பல்லுக்கொழுக்கட்டை கொட்ட வேண்டும். பிள்ளையைப் பலகையில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்து, மாமி முறைக்காரி கொழுக்கட்டைகளைத் தலையில் கொட்டுவாள். முன்னால் தாம்பாளத்தில் பேனா, புத்தகம், சங்கிலி என்று பரப்பி வைப்பார்கள். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

பிள்ளைப்பேற்று விடுமுறையில் இருந்த தேவிகாவுக்கு ஓர் ஆசை வந்தது. வாழ்க்கையில் அவளாகத் துணிந்து செய்த ஒரே காரியம் அந்தக் கடையில் மோச்சி பிடிக்கப் பழகியது. அதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும். குறொன்லாண்டுக் கடைத்தெருவில் தாம்பாளமும் தேங்காயும் வாங்கிக்கொண்டு நேரே ஹிசாயோவின் சமையலறைக்குப் போனாள். விசேஷம் என்று மட்டும் சொன்னாள். நெல்லிக்காய் அளவில் எண்பது மோச்சி, பாதி வெள்ளை, பாதி இளஞ்சிவப்பு. பல் மாதிரி ஒவ்வொன்றிலும் தேங்காய்ச் சொட்டுத் துண்டொன்றைக் குத்தினாள். கொட்டுவதற்குத்தானே, பிள்ளை தின்னப் போவதில்லையே என்று நினைத்தாள்.

சனிக்கிழமை வீடு நிறைந்திருந்தது. கொட்டுவதற்காகப் பக்கத்து நகரமான திராமனிலிருந்து இந்திரகுமாரின் அக்கா கமலாதேவி பட்டுச்சேலை சரசரக்க வந்திருந்தாள். சுளகை வாங்கி எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன தேவிகா, கொழுக்கட்டையோ, கன்னத்துக்குப் பவுடர் பூசுற பஞ்சோ?"

"யப்பான் கொழுக்கட்டை, மச்சாள். உள்ளுக்கு எங்கடை பயறுதான்."

"பிள்ளை நாளைக்கு யப்பான் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் நான் பொறுப்பில்லை, சொல்லிப்போட்டன்."

எல்லோரும் சிரித்தார்கள். மோச்சிகள் வெள்ளைத் துணியில் விழுந்து பலகையைச் சுற்றிச் சத்தமில்லாமல் உருண்டன. தாம்பாளம் முன்னே நகர்ந்தது. யதுர்ஷாவின் வலது கை பேனாவுக்கும் சங்கிலிக்கும் நடுவே தயங்கி நின்றது. "பேனா, பேனா" என்று ஒரு கூட்டம், "பவுனைத்தான் எடுப்பாள், மாமியின்ரை மருமகள்" என்று இன்னொரு கூட்டம். இந்திரகுமார் கமராவை அந்தக் கைக்குக் கிட்டே கொண்டு போனார். முப்பது பேரும் பிள்ளையின் வலது கையையே பார்த்தார்கள். இடது கை மடியில் கிடந்த இளஞ்சிவப்பு உருண்டையை எடுத்து வாயில் வைத்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

சத்தமே வரவில்லை. அதுதான் கொடுமை. அழுதிருந்தால் அறிந்திருப்பார்கள். தேவிகா மகளின் உதட்டைப் பார்த்தபோது அது கத்தரிப்பூ நிறமாகியிருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பிள்ளையைப் பறித்து முன்னங்கையில் குப்புறப் போட்டது. சுகாதார நிலையத் தாதி ஒரு பொம்மையை வைத்துத் தாய்மாருக்குக் காட்டிய மாதிரி, தோள்களுக்கு நடுவே உள்ளங்கையால் அடித்தது. ஒன்று, இரண்டு. யாரோ "பிள்ளையைக் கொல்லப்போறாள்" என்று கத்தினார்கள். நாலாவது அடியில் உருண்டை பாயில் விழுந்தது. யதுர்ஷா வீரிட்டாள். உலகத்தில் அதற்குமேல் இனிய சத்தம் இல்லை. விழுந்த உருண்டையில் ஓர் ஓரம் குறைந்திருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை; பிறகு பாயைச் சுருட்டும்போதுதான் தேவிகா கண்டாள்.

அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரி நடையில் கமலாதேவி அவளுடைய முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"வாழைப்பழம் எண்டு சொல்லும். விளங்குதோ? எட்டு மாதப் பிள்ளையின்ரை தலையிலை உருண்டை கொட்டினது எண்டு சொன்னால் இவங்கள் என்ன நினைப்பாங்கள்? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் வேறை வீட்டிலை விட்டிடுவாங்கள். சனம் கதைக்கிறதை நீர் கேட்கேல்லையே?"

"பொய் சொல்லவோ, மச்சாள்?"

"பொய் வேண்டாமெண்டால் அந்த யப்பான்காரி தந்தவ எண்டு சொல்லும். அவ பதில் சொல்லட்டும்."

தேவிகா கணவனைப் பார்த்தாள். இந்திரகுமார் தரையைப் பார்த்தார். வெள்ளைச் சீருடையில் இளம் டொக்டர் ஒருத்தி வந்து கேட்டபோது, தேவிகாவின் வாயிலிருந்து "வாழைப்பழம்" என்ற சொல் வந்தது. ஹிசாயோவின் பெயரைச் சொல்லவில்லையே என்று அந்த நேரத்திலும் ஒரு சின்ன ஆறுதல்.

டொக்டர் எழுதிக்கொண்டாள். "வாழைப்பழம் என்றால் துணுக்கு ஏதும் உள்ளே போயிருந்தாலும் தானாகக் கரைந்துவிடும். காய்ச்சல் வந்தாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ உடனே வாருங்கள்."

இப்போது மூச்சில் சத்தம் கேட்டது. தேவிகா கமலாதேவிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"தடிமனாயிருக்கும். ஒக்ரோபரிலை தடிமன் வராத பிள்ளை இந்த நாட்டிலை இருக்கோ? நீர் சும்மா பயப்பிடுறீர். திருப்பி அங்கை போனீரெண்டால் தோண்டித் தோண்டிக் கேட்பாங்கள்."

தேவிகா தொலைபேசியை வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளை கைவிட்டுப் போகும். போகாவிட்டாலும் பிள்ளை கைவிட்டுப் போகுமோ? ஒரு தாயின் முன்னால் இப்படி இரண்டு கதவுகளை வைத்து, இரண்டுக்கும் பின்னால் இருட்டையும் வைத்தால் அவள் என்ன செய்வாள்? ஒரேயொரு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த இனிப்பு கரையுமா, கரையாதா? அதற்கு விடை சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

தள்ளுவண்டியில் குழந்தையைப் படுக்க வைத்துக்கொண்டு சுரங்க ரயிலில் ஏறினாள். ஒவ்வொரு நிலையத்திலும் குனிந்து மூக்குக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தாள்.

கடையில் ஆட்கள் இல்லை. ஹிசாயோ வண்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"ஹிசாயோ-சான், மோச்சி உடம்புக்குள் கரையுமா? வயிற்றில் இல்லை. மூச்சுப் போகும் இடத்தில்."

ஹிசாயோவின் சிரிப்பு மறைந்தது. கண்ணாடிக் குவளையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, ஒரு மோச்சியின் ஓரத்தைப் பயறளவு கிள்ளிப் போட்டார். இருவரும் மேசையில் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. வெளியே டிராம் கீச்சிட்டுத் திரும்பியது. குவளைக்குள் அந்தத் துண்டு கொஞ்சம் ஊதி, ஓரம் வழவழத்து, கண்ணாடியின் அடியில் ஒட்டிக்கொண்டது. ஹிசாயோ கரண்டியால் கலக்கினார். அது அசையவில்லை.

வண்டிக்குள் விசில் கேட்டது.

தேவிகா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொழுக்கட்டை கொட்டியதை, இடது கையை, வாழைப்பழத்தை, யப்பான்காரி தந்ததாகச் சொல் என்று மச்சாள் சொன்னதைக்கூட மறைக்காமல் சொன்னாள். "நீங்கள் வெட்டிக் கொடு என்று சொன்னீர்கள். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்."

ஹிசாயோ ஏப்ரனைக் கழற்றினார். கடையில் மீதமிருந்த இளஞ்சிவப்பு மோச்சி இரண்டைச் சின்னப் பெட்டியில் வைத்தார். பட்டப்பகலில் கடைக் கதவில் 'மூடப்பட்டுள்ளது' பலகையைத் திருப்பினார். பதினெட்டு வருடங்களில் கணவருடைய இறுதிச் சடங்குக்கு மட்டும்தான் அந்தப் பலகை பகலில் திரும்பியதாம். அதை அவர் டாக்ஸியில் சொன்னார். தேவிகாவின் காதில் அது விழவில்லை. அவள் மூச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே இளம் டொக்டர்தான் இருந்தாள். தேவிகா வாய் திறக்குமுன் ஹிசாயோ பெட்டியை மேசையில் வைத்துவிட்டார்.

"குழந்தை இதைச் சாப்பிட்டது. வாழைப்பழம் இல்லை. இது என் கடை. நான் கொடுத்தேன். என் பிழை."

தேவிகா தலையை ஆட்டினால் போதும். பழி வேறு தலைக்குப் போய்விடும், பிள்ளை கையிலேயே இருக்கும். தப்பிக்கும் வழியை யாரோ தங்கத் தட்டில் வைத்து நீட்டியது போலிருந்தது. அந்த நெஞ்சளவு உயரப் பெண்மணியைப் பார்த்தாள். ஹிசாயோ பெட்டியின் மூடியை இறுகப் பிடித்தபடி நின்றார்.

"இல்லை," என்றாள் தேவிகா. "இவர் பொய் சொல்கிறார். நான் செய்தேன். என் கையால். போன முறையும் நான்தான் பொய் சொன்னேன்."

டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யார் செய்தது என்பது இப்போது தேவையில்லை. எவ்வளவு பெரிய துண்டு? எந்தப் பக்கம் சத்தம் கேட்கிறது?"

"வலது பக்கம்," என்றாள் தேவிகா. "இந்தளவு." சுண்டு விரல் நகத்தைக் காட்டினாள்.

பிள்ளையை மயக்கி, மெல்லிய குழாய் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். கதவு மூடியது. இந்திரகுமார் பஸ் சீருடையோடு ஓடிவந்தார். சீருடையைக் கண்டதும் தேவிகாவின் கை கைப்பைக்குள் போனது. பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிப்போட்டன்," என்றாள்.

"அண்டைக்கே நான் சொல்லியிருக்க வேணும்," என்றார் அவர். "நீர் என்னைப் பார்த்தனீர். நான் நிலத்தைப் பார்த்தனான்."

ஒரு மணி நேரமும் இருபது நிமிடமும். ஹிசாயோ பெட்டியை மடியில் வைத்தபடி எதிரே உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தபோது டொக்டரின் கையில் சின்னப் போத்தல் ஒன்று இருந்தது. அடியில் ஒரு துணுக்கு. மூன்று நாளாகியும் அது இளஞ்சிவப்பாகவே இருந்தது.

"இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நுரையீரலில் சீழ் கட்டியிருக்கும்," என்றாள் டொக்டர். "பிள்ளை நன்றாக மூச்சு விடுகிறாள்."

தேவிகா அழவில்லை. இன்னும் ஒரு பயம் மீதமிருந்தது. அது அரைமணி நேரத்தில், கழுத்தில் அட்டை தொங்க, ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் வடிவில் வந்தது. ஏன் முதலில் பொய் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"பிள்ளையை எடுத்துவிடுவீர்கள் என்று பயம்."

"இன்று ஏன் சொன்னீர்கள்?"

"அதைவிடப் பெரிய பயம் வந்தது."

அந்த அம்மா பேனாவைத் திறந்தார். இரண்டையும் எழுத வேண்டும் என்றார், பொய்யையும், தானாக வந்து சொன்ன உண்மையையும். வீட்டுக்கு ஒருவர் வருவார் என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை அந்த ஒருவர் வந்தார். அதற்கு முதல் நாளே கமலாதேவி திராமனிலிருந்து வந்து வீட்டைத் தேய்த்துக் கழுவி, தாம்பாளத்தைக் கட்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தாள். வந்தவர் நரைமுடி கொண்ட பெண். தேநீரை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டதே, "அந்தச் சடங்கை எப்படிச் செய்வீர்கள்?" என்றுதான். கமலாதேவிதான் எழுந்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து தாம்பாளத்தை இழுத்தெடுத்து, கதிரையில் கிடந்த துணியை அந்தப் பெண்ணின் தலையில் விரித்து, வெறும் சுளகை அதற்கு மேல் கவிழ்த்துக் காட்டினாள்.

"நான் கொட்டினனான். எழுதிறதெண்டால் என்ரை பேரையும் எழுதச் சொல்லு, தம்பி," என்றாள் இந்திரகுமாரிடம். "தேவிகாவுக்குப் பொய் சொல்லிக் குடுத்ததும் நான்தான். அதையும் சொல்லு."

இந்திரகுமார் மொழிபெயர்த்தார். வந்தவர் தலையில் கிடந்த துணியை எடுக்க மறந்தபடி எல்லாவற்றையும் எழுதினார். போகும்போது, கடிதம் வரும் என்று மட்டும் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து வந்தது, ஜன்னல் வைத்த உறை. இந்திரகுமார் வேலையில். தேவிகா அதைச் சாமிப்படத்துக்கு முன்னால் கொண்டு போனாள். பிறகு திரும்பி வந்து, யதுர்ஷாவை மடியில் இருத்திக்கொண்டு, கறிக்கத்தியால் பிரித்தாள். எழுத்துகள் ஆடின. ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் படித்தாள். பாதி விளங்கவில்லை. கடைசி வரி விளங்கியது. 'இந்த விடயம் முடித்துவைக்கப்படுகிறது.'

அந்த வரியை அவள் இரண்டாம் முறை படிக்கவில்லை. பிள்ளையின் முதுகில் காதை வைத்தாள். பால் மணத்தோடு மூச்சு போய்ப் போய் வந்தது. வேறு எதுவும் கேட்கவில்லை. அப்போதுதான் அழுதாள், அந்தக் கடிதத்தின் ஜன்னல் நனைய நனைய.

விடுமுறை முடிந்து வேலைக்குப் போன நாளில் கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஓர் அட்டை இருந்தது. குழந்தைகளுக்கு வெட்டிக் கொடுக்கவும் என்று நோர்வேஜிய மொழியிலும் யப்பானிய மொழியிலும் எழுதியிருந்தது. கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"உன் மொழியில்," என்று ஹிசாயோ பேனாவை நீட்டினார்.

தேவிகா எழுதினாள். ஒரு வரி போதும் என்று நிறுத்தியவள், யோசித்து இரண்டாவது வரியும் எழுதினாள்.

"இரண்டாவது என்ன?"

"தலையில் கொட்டக் கூடாது."

ஹிசாயோ அட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு, "உங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் இது தேவைப்படும்," என்றார்.

அந்த அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது. புருசெத்திலிருந்து வருகிற நம்மவர்கள் அதைப் படித்துச் சிரிக்கிறார்கள். தேவிகாவுக்குச் சிரிப்பு வருவதில்லை. அவர்கள் கையில் பிள்ளை இருக்கிறதா என்று முதலில் பார்ப்பாள். இருந்தால், கேட்காமலே கத்தியை எடுத்துப் அவர்கள் வாங்கிய பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் நாலாக வெட்டிவிட்டுத்தான் கொடுப்பாள்.